ஸ்ரீகாந்தின் 29



சென்ற வாரம் திண்டிவனத்தில் வாலிபர் கூடுகை முடிந்தபின், ஒரு தம்பி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "ஐயா, நீங்கள் எப்போதும் புகழ்கிற ஸ்ரீகாந்த் இவர்தானே? சராசரி வெறும் 29!"

அவன் சொன்னது உண்மையே. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 43 டெஸ்ட் ஆட்டங்களில் எடுத்தது 2062 ரன்கள்; சராசரி 29.88. ஒருநாள் ஆட்டங்கள் 146, ரன்கள் 4091, சராசரி 29.01. நூறு பந்துகளுக்கு ஏறத்தாழ 72 ரன்கள் என்னும் அவருடைய வேகம் இன்றைய பிள்ளைகளுக்கு ஆமை நடை.

எனக்கோ 1983 ஜூன் 25 நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை. மறுநாள் ஒப்புவிக்க வேண்டிய மனப்பாட வசனம் கையில் இருக்க, விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் அடுத்த வீட்டு வானொலியருகே நின்றிருந்தேன். லார்ட்ஸில் உலகக்கோப்பை இறுதியாட்டம். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் ஆகிய நால்வரும் பந்து வீசினர். கவாஸ்கர் 2 ரன்னில் வெளியேறினார். ஸ்ரீகாந்த் 57 பந்துகளில் 38 எடுத்தார். அவர் ஒரு முழங்காலை ஊன்றி ராபர்ட்ஸின் பந்தை எல்லைக்கு விரட்டியதைப் பிற்காலத்தில்தான் படத்தில் கண்டேன்.

தம்பியை அருகில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. ஆக 323 ரன்கள், 20 விக்கெட்டுகள். விக்கெட்டுக்குப் பதினாறு ரன்கள்; அந்நாளின் சராசரி அதுதான். ஸ்ரீகாந்தின் 38 அதில் இரு மடங்குக்கும் மேல். ரிச்சர்ட்ஸ் உட்பட அன்று வேறெவரும் அதைத் தொடவில்லை. வேகமும் அவ்வாறே, உடன் இறங்கிய கவாஸ்கர் தம் ஒருநாள் ஆட்டங்களில் நூறு பந்துகளுக்கு எடுத்தது 62 தான். டெஸ்ட் சராசரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கவாஸ்கரின் 51க்கு அருகே வைத்தால் அது குறைவுதான்.

அமெரிக்கரின் பேஸ்பாலில் இதற்கென்றே ஓர் அளவு உண்டு. அந்த ஆண்டு, அந்த லீக்கின் சராசரியை 100 என்று வைத்து, ஒரு வீரரின் அடிக்கும் திறன் 130ஆ, 80ஆ என்று சொல்லுவர். அவர் ஆடிய மைதானம் ரன் எடுக்க எளிதானதா, கடினமானதா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வர்.

"மைதானத்தையுமா, ஐயா?" என்றான் தம்பி.

அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. இச்சபைக்கு நான் வந்த முதலாம் ஆண்டு, நம் கிராமச் சபையொன்றின் ஆராதனை வருகையை விழுப்புரம் நகரச் சபையின் சராசரியோடு ஒப்பிட்டேன். ஆண்டறிக்கையில் அக்கிராமத்துக்கு நேரே "மிகவும் குறைவு" என்று என் கைப்பட எழுதினேன். அங்கு ஊழியம் செய்த உபதேசியார் அதை வாசித்துவிட்டு, "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். தை மாதம் பிறந்தால் அவ்வூரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் மழைக்கு முன்புதான் திரும்புவார்கள். எஞ்சியிருந்த முதியவர்களையும் பிள்ளைகளையும் வைத்து, அவர் ஒரு ஞாயிறுகூட ஆராதனையை நிறுத்தியதில்லை. சூளைக்குப் போனவர்களின் பெயர்களையும் அவர்கள் இருக்கும் இடங்களையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, பேருந்தேறிச் சென்று பார்த்து ஜெபித்தும் வந்திருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற பிறகே இது எனக்குத் தெரிந்தது.

ஐந்து தாலந்தைக் கொண்டு வேறு ஐந்தையும், இரண்டைக் கொண்டு வேறு இரண்டையும் சம்பாதித்தவர்களுக்கு எஜமான் ஒரே பாராட்டைச் சொன்னார் என்று எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். அந்த அறிக்கையின் நகல் இன்னும் சபை அலுவலக அலமாரியில் இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை உபதேசியாரின் வீட்டுக்குப் போகிறேன். அந்த நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறதாம். தம்பியும் தன் வண்டியில் என்னை அழைத்துப்போக ஒப்புக்கொண்டிருக்கிறான்.