அம்மாயியின் அலுமினியப் பெட்டி

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)

மலருக்கு ஒரு கட்டுரை கொடு, கொடு என்று சங்கச் செயலாளர் ஒரு மாதமாக என் பின்னாலேயே சுற்றினார். "லேத் பத்தி எழுது, இல்லைன்னா போர்வெல் ரிக் பத்தி எழுது, உங்க மாமாதான் அதுல இருக்காரே" என்றார். நான் எழுதப் போவது பிரசவத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். ஹாஸ்டலில் என் அறை நண்பர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களில் இரண்டு பேர் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். அதனால் அதிக நேரம் சிரிக்க முடியவில்லை.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. முடி திருத்துவது எங்கள் குலத்தொழில். ஆண்கள் கத்தி பிடிப்பார்கள், பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், தன் மாமியாரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு ஊருக்கு அவர்தான் மருத்துவச்சி. எத்தனை பிள்ளை எடுத்திருப்பாய் என்று கேட்டால், "எண்ணுனா கண்ணு பட்டுரும் சாமி" என்பார்.

கூலி என்ன தெரியுமா? ஒரு வள்ளம் கம்பு, ஒரு பழைய சேலை, வெற்றிலை பாக்கு. ஆண் பிள்ளை என்றால் காசு கொஞ்சம் கூட. பிள்ளையைக் கையில் ஏந்திய அதே வீட்டுக்கு மூன்றாம் நாள் சோறு வாங்கப் போனால் திண்ணைக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அவர் கையில் விழுந்த பொடிசுகள் வளர்ந்து அவரையே "வா, போ" என்றார்கள். அம்மாயி இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. நான்தான் சொல்கிறேன்.

1980-களில் அரசாங்கம் நாட்டு மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தது. அம்மாயியும் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு அலுமினியப் பெட்டி. சோப்பு, பிளேடு, நூல், பஞ்சு. கை சுத்தம், படுக்கை சுத்தம், பிளேடு சுத்தம், நூல் சுத்தம், கொடியின் மேல் எதையும் வைக்காதே. பாடம் இவ்வளவுதான். ஆனால் இது சின்னப் பாடமல்ல. அதற்கு முன்பு கதிர் அறுக்கிற அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, மேலே சாம்பலோ சாணியோ அப்புவார்கள். ஒரு வாரத்தில் பிள்ளைக்கு வாய் கட்டிக்கொண்டு இழுப்பு வரும். சாமி குத்தம் என்பார்கள். அது டெட்டனஸ். பெட்டியும் தடுப்பூசியும் சேர்ந்துதான் அதை விரட்டின. இந்தியாவில் தாய், சேய் டெட்டனஸ் ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன ஜில்லா நம்முடையது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் சேலத்தில் தொடங்கினார்கள் என்றால் காரணம் இல்லாமலா? (நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது, 1997-இல்தான் பிரிந்தது.) பிறந்தது பெண் என்றால், "நீயே பாத்துக்கோ" என்று மருத்துவச்சியிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்களாம். உன்னிடமும் அப்படிச் சொன்னார்களா என்று அம்மாயியிடம் ஒரு முறை கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா ஒரு குண்டைப் போட்டார். "ஆஸ்பத்திரி வேண்டாம். ஊட்டுலயே பாத்துக்கலாம். எங்க ஆத்தா ஒம்பது பெத்தாங்க, எல்லாம் ஊட்டுலதான். உங்க ஊட்டுல மருத்துவச்சியே இருக்காங்க, அப்புறம் என்ன?" திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு போய் மாதக்கணக்கில் பாறையைக் குடைகிறவர். ராத்திரியெல்லாம் கூடாரத்தில் படுத்துக்கொண்டு செல்போனில் வீட்டுப் பிரசவ வீடியோ பார்த்திருக்கிறார். பூப்போட்ட தொட்டி, வெந்நீர், சிரித்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்.

எனக்குக் கோபம் வந்தது. 2018-இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்தது நாடு முழுக்கப் பேப்பரில் வந்ததே, படிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். மாமா என்னை முறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அவர் தங்கையின் பிரசவம் ஓர் ஆஸ்பத்திரியில். வலி தாங்காமல் கத்தியவளை, வாயில் வராத பேச்செல்லாம் பேசி, தொடையில் அடித்தார்களாம். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டிருக்கிறார். "என் பொண்டாட்டியை அப்படி ஒருத்தி அடிக்கிறதைக் கேட்டுட்டு நிக்க என்னால முடியாது மாப்பிளே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வீடு வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் விவரம் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு.

பதில் சொன்னது அம்மாயி. "நான் தொட மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். மாமா கெஞ்சினார், அம்மா கூட ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அம்மாயி எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

காரணத்தை அன்று ராத்திரி வாசல் கட்டிலில் என்னிடம் சொன்னார். 1983-ஆம் வருஷம், பக்கத்து ஊர்ப் பெண். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிட்டு விட்டார்கள். வலி நீண்டுகொண்டே போய், சனிக்கிழமை மத்தியானம்தான் பிள்ளை வந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று கையைக் கழுவியிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் பாய் நனைந்து, தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வயிற்றைப் பிசைந்தார், துணியைத் திணித்தார், மிளகுக் கசாயம் கொடுத்தார். வண்டி கட்டுவதற்குள் அவள் போய்விட்டாள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு நாமக்கல்லில் சொந்த லாரி ஓட்டுகிறார். வருஷா வருஷம் தீபாவளிக்கு அம்மாயிக்குச் சேலை எடுத்து வருவார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து அம்மாயி பேச மாட்டார். ஏன் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரைப் பார்க்கப் போனேன். ஆம்பளைப் பையன் இதைக் கேட்கிறானே என்று அவர் சிரிக்கவில்லை. அக்காவின் அட்டையைப் புரட்டி, முதல் வரியிலேயே விரலை வைத்தார். ஓ நெகட்டிவ். மாமா ஓ பாசிட்டிவ். பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் அக்காவுக்கு ஆன்டி-டி என்ற ஊசி போட்டாக வேண்டும். தவறினால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அடுத்த பிள்ளையின் ரத்தத்தை அக்காவின் உடம்பே அழிக்கக்கூடும். வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எந்த வீடியோக்காரர் ரத்த வகை பார்ப்பார்?

ரத்தப்போக்கைப் பற்றி அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் ஓடுகிறது. உடம்பில் உள்ளதே ஐந்தாறு லிட்டர். கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய் எல்லாம் திறந்து கிடக்கும். வால்வு கிடையாது. கர்ப்பப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. அவை இறுகும்போது நடுவில் ஓடும் குழாய்கள் நசுங்கி அடைபடும். பல மணி நேர வலியில் களைத்த தசை இறுகாவிட்டால்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதை இறுக்குவதற்குத்தான் ஆக்ஸிடோசின் ஊசி. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டிய மருந்து. ரெஃப்ரிஜிரேஷன் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!

ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் அக்கா காட்டியதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பார்ட்டோகிராஃப் என்று ஒரு வரைபடம். கீழ் அச்சில் நேரம், பக்க அச்சில் கர்ப்பப்பை வாய் திறப்பு, 10 சென்டிமீட்டர் வரை. 4 சென்டிமீட்டரிலிருந்து மணிக்கு 1 சென்டிமீட்டர் வீதம் ஏறும் ஒரு சாய்கோடு எச்சரிக்கைக் கோடு. அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி இன்னொன்று, செயல் கோடு. அளவு முதல் கோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, இரண்டாவதைத் தொட்டால் டாக்டர் ஏதாவது செய்தே ஆக வேண்டும். நம் தரக்கட்டுப்பாட்டுப் பாடத்தில் வரும் கன்ட்ரோல் சார்ட்தானே இது! 1972-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், கேசில் என்ற இரு டாக்டர்கள் இந்தக் கோடுகளைப் போட்டார்கள். தொலைவிலுள்ள மருத்துவச்சி எப்போது ஆளை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவே போட்டார்கள். எல்லாப் பெண்ணுக்கும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அடம்பிடிக்கக் கூடாது என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் இதை மாற்றிப் புதுப் படிவம் கொண்டுவந்துவிட்டது. நர்ஸ் அக்கா எனக்கு விளக்கியது பழைய கோடு.

அவரிடம் மாமாவின் வருத்தத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்தில் 1990-களில் கூட சுமார் 30 சதவீதம் பிரசவம் வீட்டில்தான் என்றார். ஆனால் அங்கே வருகிறவர் நான்கு வருஷம் படித்த மருத்துவச்சி. சிக்கல் இல்லாத பெண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கையில் ஊசியோடு வருவார். கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. 2018-இல் மத்திய அரசும் நர்சுகளுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி கொடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்ற விதியும் உண்டு. "நீங்க கேட்டு வாங்கணும் தம்பி" என்றார்.

அப்புறம் அக்காவே உட்கார்ந்து திட்டம் போட்டாள். எங்கே போவது, 108-க்கு யார் பேசுவது, 108 வரத் தாமதமானால் யார் வண்டி, யார் கையில் பணம், உள்ளே யார் துணை. கடைசி வரி: ரத்தம். ஓ நெகட்டிவுக்கு ஓ நெகட்டிவ்தான் ஏறும். அந்த நேரத்தில் ஆளைத் தேடிப் பிடித்தாலும் உடனே எடுத்து ஏற்ற முடியாது, சோதனை செய்தாக வேண்டும். நம் கல்லூரி ரத்ததானப் பட்டியலைப் புரட்டினேன். மூன்று துறைக்கும் சேர்த்து ஓ நெகட்டிவ் இரண்டே பேர். இரண்டு பேரும் என் ஹாஸ்டல் அறையிலேயே! மூன்று வருஷம் ஒன்றாகப் படுத்து எழுந்திருக்கிறோம், தெரியாது. டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னால் இருவரும் ரத்த வங்கிக்கு வந்து படுத்தார்கள். ஒருவன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி கொடுக்கிறேன் என்று நின்றான். பெயர் போட வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

ஐப்பசி மழை, ராத்திரி இரண்டு மணி. பனிக்குடம் உடைந்தது. 108 வந்தது. அரசு மருத்துவமனையில் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "எங்க அம்மாயி கூட வரணும்." கொஞ்சம் யோசித்து விட்டுவிட்டார்கள். வெளியே மாமாவும் நானும். காலை பத்தரைக்குப் பெண் குழந்தை. பத்து நிமிஷம் கழித்து உள்ளே ஓட்டமும் சத்தமும். கதவு திறந்து ஒருவர் ரத்தச் சீட்டோடு ஓடி வந்தார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். கூடுதல் ஊசி, டிரிப், ஒரு யூனிட் ரத்தம். பதினொன்றரைக்கு அம்மாயி வெளியே வந்தார். சேலையெல்லாம் கறை. "நின்னு போச்சு" என்றார். "வயித்தை அந்தப் புள்ளை நான் பிசைஞ்ச மாதிரியேதான் பிசைஞ்சா சாமி. ஆனா அவ கிட்ட ஊசி இருந்துச்சு."

குழந்தை ஓ பாசிட்டிவ். 72 மணி நேரத்தைச் செல்போனில் அலாரம் வைத்து எண்ணிக்கொண்டு, மணிக்கொரு தரம் நர்சிடம் போய் நின்றார் மாமா. இரண்டாம் நாளே ஊசி போட்டாயிற்று.

வீடு திரும்பிய வாரம், அம்மாயி என்னைக் கூப்பிட்டு அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டு என்றார். ரெக்கார்டு நோட்டில் இருந்த கிராஃப் ஷீட்டைக் கிழித்து இரண்டு கோடும் போட்டேன். "அவளுக்குப் போடு" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. விளக்கு வைக்கும்போது ரெண்டு விரல் என்றார். சுமார் 4 சென்டிமீட்டர், ஆறு மணியில் புள்ளி வைத்தேன். ஊர் அடங்கும்போது பார்த்தேன், அதே ரெண்டு விரல்தான் என்றார். ஒன்பது மணி. நடுச்சாமத்தில் மூணு விரல் கூட இல்லை என்றார். 5 சென்டிமீட்டர் என்று வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தேன். ஒன்பது மணிக்கே முதல் கோட்டைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு இரண்டாவதையும்.

அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடு தெரியும். விரலை அந்த ஒன்பது மணியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊரு அடங்கையிலேயே வண்டி கட்டியிருக்கோணும்" என்றார்.

காகிதத்தை நான்காக மடித்து, பரண் மேலிருந்த அலுமினியப் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, அதற்குள் வைத்து மூடினார்.