எலி செத்த ராத்திரி

விழுப்புரத்தில் ராத்திரி பத்தரை மணிக்கு பரோட்டா கிடைக்கும், திருச்சி பஸ் கிடைக்கும், கம்ப்யூட்டர் மவுஸ் மட்டும் கிடைக்காது!

அன்றைக்குப் பார்த்து என் மவுஸ் மண்டையைப் போட்டது. தம்பியின் அரசு வேலை விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டு அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். 'அண்ணன் பாத்துக்குவான்' என்று அவன் திண்டிவனத்தில் நிம்மதியாக இருக்கிறான். போனிலேயே போட்டிருக்கலாமே என்பீர்கள். அவன் போட்டோ, கையெழுத்து எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதே!

குலுக்கினேன், ஊதினேன். ஊஹும். பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் குடியிருக்கிறார்.

"சார், ஒரு மணி நேரத்துக்கு மவுஸ் குடுங்களேன்."

சிரித்தார். "மவுஸா? வாங்கினதே இல்லியே சார். அம்பு எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே தள்ள முடியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குப் பார்வை கிடையாது.

"வாங்க, நான் சொல்றேன். நீங்க தட்டுங்க" என்று கூடவே வந்து உட்கார்ந்தார்.

கன்ட்ரோலையும் 'எல்'லையும் சேர்த்து அழுத்தினால் முகவரிக் கட்டம். 'டேப்' தட்டினால் அடுத்த கட்டம், கூடவே ஷிப்ட்டையும் அழுத்தினால் முந்தின கட்டம். டிக் போட ஸ்பேஸ் பார். பதற்றத்தில் கன்ட்ரோலும் 'டபிள்யூ'வும் அழுத்தி, வந்த பக்கத்தையே மூடிவிட்டேன். "பதறாதீங்க. கன்ட்ரோல், ஷிப்ட், 'டி'... மூணையும் சேர்த்து அழுத்துங்க." செத்த பக்கம் எழுந்து வந்தது!

மாவட்டப் பட்டியலைத் திறக்க, ஆல்ட்டோடு கீழ் அம்பு. 'வி', 'ஐ' என்று இரண்டே எழுத்து. எக்ஸ்பிரஸ் மாதிரி வேலூரைத் தாண்டி விழுப்புரத்தில் போய் நின்றது.

"எப்படி சார் இதெல்லாம்?"

"என்.வி.டி.ஏ.ன்னு ஒரு சாஃப்ட்வேர். திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டும். 'எச்' தட்டினா அடுத்த தலைப்பு, 'கே' தட்டினா அடுத்த லிங்க். 2006-ல மைக்கேல் கரன்னு ஒரு ஆஸ்திரேலியர் ஆரம்பிச்சது. அவருக்கும் பார்வை கிடையாது. இலவசமாவே குடுக்கறாங்க."

பதினொன்றே முக்கால். கடைசிக் கட்டம். கோணல்மாணலாக ஒரு படம்... 'இதில் தெரியும் எழுத்துகளை டைப் செய்க.'

"இதுக்கு என்ன கீ சார்?"

"அதுக்குக் கீ கிடையாது சார். இப்படிக் கோணல்மாணலா இருக்கற எழுத்தை அது சரியா வாசிக்காது. ஒலியா சொல்ற பட்டன் வெச்சிருந்தா தப்பிச்சோம். இல்லேன்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். போன வாரம் ரெண்டு தடவை உங்க கதவைத் தட்டினேன். தூங்கிட்டீங்க போல."

நான் தூங்கவில்லை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஜிட்டல் சேவைகள் எல்லோருக்கும் எட்டவேண்டும், அது வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. நடுவில் இந்த ஒரு கட்டம் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

தம்பியின் விண்ணப்பம் பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே புது மவுஸும் வாங்கிவிட்டேன். ஆனால் இப்போதெல்லாம் கதவு தட்டும் சத்தம் கேட்டால், கடைசி ஓவராக இருந்தாலும் எழுந்துவிடுகிறேன்!