ஜீப்பா... பஸ்ஸா?

தேனியிலிருந்து குமுளி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். சின்னமனூர் தாண்டியதும் வெளியே பாருங்கள். நெல், வாழை, தென்னை, நடுநடுவே பந்தல் பந்தலாகத் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே கம்பம் பன்னீர் திராட்சை, அது இதுதான். ரெண்டு பக்கமும் மலை, நடுவிலே காற்று. அதுவும் ஆடிக் காற்று! குடையை நாம் பிடிக்க முடியாது. குடைதான் நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

அந்தக் காற்றில் ஒரு கையால் நோட்டையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் நான் காலேஜ் போன ஊர், உத்தமபாளையம். தேனியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

முழுப் பெயர் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி. எங்களுக்கு 'கருத்த ராவுத்தர் காலேஜ்'. தொடங்கியது 1956-ல். மதுரைக்குப் பல்கலைக்கழகம் வந்ததே 1966-ல்தான். தேனி மாவட்டம் பிறந்தது 1996-ல். ஆக, யுனிவர்சிடிக்கும் அண்ணன், மாவட்டத்துக்கும் பெரியண்ணன் எங்கள் காலேஜ்! ஒரு ராவுத்தர் தொடங்கிய காலேஜில் எல்லாச் சாமியையும் கும்பிடுகிற பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பரீட்சை சமயத்தில் எல்லாச் சாமியையும் எல்லோருமே கும்பிட்டோம். அது வேறு விஷயம்.

பரீட்சைக்குப் படிக்க எங்களுக்கு ஒரு 'ரீடிங் ரூம்' உண்டு. ஊரை ஒட்டி ஒரு பாறை. அதில் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி, கீழே வட்டெழுத்தும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே பொருளாதாரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்களால் அரை மணி நேரம் உட்கார முடியாது. "டீ சாப்ட்டு வந்துருவமா மாப்ளே?" என்பான் என் பெஞ்ச் கூட்டாளி. அதோடு அன்றைய தவம் கலைந்தது!

எங்கள் பக்கம் ஜூன் மாசம் பொல்லாத மாசம். அணையில் தண்ணீர் இருந்தால் முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அதை நம்பித்தான் இருக்கிறது. காலேஜ் திறப்பதும் அதே ஜூனில். விதைநெல்லுக்குப் பணம் வேண்டும், உழவுக்கு வேண்டும், பையனுக்கு ஃபீஸும் கட்ட வேண்டும். நாற்றா, நோட்டா என்று அப்பாக்கள் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவார்கள். விரல்தான் மிஞ்சும்!

விடிகாலையில் எங்கள் ஊர் முக்குக்கு ரெண்டு வண்டிகள் வரும். முதலில் ஜீப். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும். அடுத்தது டவுன் பஸ். உத்தமபாளையம் போகும். எதில் ஏறுகிறோமோ அதுதான் தலையெழுத்து. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வழியில்லாத எங்களுக்கு, பக்கத்திலேயே ஒரு காலேஜ் இருந்ததால்தான் அந்த ரெண்டாவது வண்டியே வந்தது.

ரெண்டாம் வருஷம் ஜூனில் என் கூட்டாளி முதல் வண்டியில் ஏறிவிட்டான். அவன் அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. "ஒரே வருஷம் மாப்ளே... மருந்தடிக்கிற வேலை. கடனை அடைச்சுட்டு ஓடியாந்துர்றேன்" என்றான். வரவில்லை. எங்கள் வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் புரிந்து படிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். நானெல்லாம் மனப்பாடம்!

மூன்றாம் வருஷம் பரீட்சை ஃபீஸுக்கு என்னிடம் பணம் இல்லை. சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கியவன், ஏலக்காய் வாசனையும் அட்டை கடித்த காலுமாக நேரே என் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "கட்டிரு" என்றான். அவ்வளவுதான். நான் டிகிரி வாங்கினேன், சென்னைக்குப் போனேன், வேலை, கல்யாணம், இத்யாதி. அந்தப் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. மறந்தேன் என்றால் பொய். எந்த முகத்தோடு கொடுப்பது?

போன ஆடியில் ஒரு கவரில் பணம் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். காலை ஆறு மணிக்கு அதே முக்கு, அதே காற்று. ஜீப் நிற்கிறது. ஸ்டீயரிங்கில் அவன்! இப்போது சொந்த ஜீப். பின்னால் காய் எடுக்கப் போகிற பெண்கள், தூக்குவாளியோடு.

"ஏப்பா... எப்ப வந்தே? சாப்ட்டியா?" என்று குதித்து இறங்கினான். கவரை நீட்டினேன். விஷயம் புரிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பரீட்சையில எல்லாம் பாஸா?"

இத்தனை வருஷம் அவனிடம் மறைத்தது இதைத்தான். "ஒரு பேப்பர் போச்சு மாப்ளே. அரியர் வச்சுத்தான் எழுதினேன்."

"அடப்பாவி! நான் அட்டைக்கு ரத்தம் குடுத்த காசை நீ அரியர்லயா விட்டே?"

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டது காற்றில் தூசி விழுந்ததால் என்று எழுதினால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

"டிரைவரண்ணே, நேரமாச்சு. மேல கங்காணி வைவாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருத்தா, பஸ் வந்துரட்டும்" என்றான். அப்போதுதான் பார்த்தேன். டீக்கடை ஓரம் பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண். அவன் மகள். கம்பத்தில் ஸ்ரீ ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரியில் பி.ஏ. படிக்கிறாள். முதலில் உத்தமபாளையத்தில் டைப்ரைட்டிங் வகுப்பு, அப்புறம் காலேஜ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அது ஒரு செலவு மிச்சம். அவள் பஸ் ஏறுவதைப் பார்க்காமல் இவன் ஜீப்பை எடுப்பதில்லையாம்.

பஸ் வந்தது. அவள் ஏறினாள். இவன் ஒரு ஹாரன் அடித்தான். அவள் ஜன்னல் வழியே கை ஆட்டினாள்.

கவரை என் கையிலேயே திருப்பித் திணித்தான்.

"பாப்பாவுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை ஃபீஸ் கட்டணும். நீயே கட்டிரு. ஆனா ஒண்ணு... அரியர் வைக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லிக் குடுத்துராத!"

ஜீப் மலைப்பக்கம் திரும்பியது. நான் அடுத்த டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், வேட்டியைப் பிடித்துக்கொண்டு.