ஐஸ்லாந்து வளையச் சாலை – 2: வாடகைக் காரும் வழிச் சட்டமும்

ஐஸ்லாந்தில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. 1968 மே 26 வரை அங்கும் இடப்பக்கம்தான். அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் பக்கம் மாறியது. இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவருக்கு நெரிசலில் சிரமம் அதிகமில்லை. முன்னே போகும் வண்டியே வழி காட்டிவிடும். காலையில் ஆளரவமில்லாத பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை பழக்கப்படி இடப்பக்கம் திருப்பிவிடும். இண்டிகேட்டர் தண்டும் ஸ்டியரிங்கின் இடப்புறம் இருக்கும். வலக்கை தட்டினால் வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கும். கெஃப்லாவிக் விமான நிலையத்தின் வாகன நிறுத்தத்திலேயே சற்று நேரம் சுற்றிப் பழகிவிட்டு, அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள ரெய்க்யவிக்குக்குப் புறப்படுவது நல்லது.

இந்திய ஓட்டுநர் உரிமம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் பொதுவாக ஏற்கப்படும். ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இருந்தால் கவுண்டரில் வாக்குவாதம் மிச்சம். அது தனித்துச் செல்லாது. அசல் உரிமமும் கூடவே வேண்டும். சாவி கைக்கு வந்ததும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிட வேண்டும். முன்கண்ணாடியில் கடுகளவு கல்பட்ட தடம் இருந்தால்கூட ஒப்பந்தத்தில் குறிக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் கூடாது.

பலரும் படிக்காமல் கையெழுத்திடுவது இன்சூரன்ஸ் பக்கத்தில். வாடகையோடு சேர்ந்து வரும் அடிப்படைக் காப்பீடு மோதல் சேதத்தை ஏற்கும். அதிலும் ஒரு தொகை வரை வாடிக்கையாளர்தான் கட்ட வேண்டும். சரளைக் கல் தெறித்துக் கண்ணாடி உடைவதற்குத் தனிக் காப்பீடு, மணலும் எரிமலைச் சாம்பலும் பெயின்ட்டை உரிப்பதற்கு இன்னொன்று. காற்றில் கதவு பிய்வதும் அடித்தட்டு கல்லில் இடிபடுவதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் சேராது. ஆற்று நீர் எஞ்சினுக்குள் புகுந்தால் அநேகமாக எந்தக் காப்பீடும் கைகொடுக்காது. இந்த நாட்டில் வண்டிக்கு எதனால் ஆபத்து அதிகமோ, அதெல்லாம் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை நிதானமாகப் படிப்பது அவசியம்.

வேக வரம்பு ஊருக்குள் பொதுவாக மணிக்கு 50 கி.மீ., வெளியே சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90. பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். விளக்கை ‘ஆட்டோ’வில் விட்டால் சில கார்களில் பகலில் முன்விளக்கு மட்டுமே எரிந்து பின்விளக்கு அணைந்திருக்கும், மூடுபனியில் பின்னால் வருபவருக்கு வண்டி இருப்பதே தெரியாது. கையால் திருகிப் போட்டுவிடுவது பாதுகாப்பு. 2020 முதல் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் மது அளவு 0.02 சதவீதம்தான். இரவு குடித்தவர் விடிந்ததும் ஓட்டினாலும் மாட்டக்கூடும். இருவழி ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவருக்கே வெளியேறும் முன்னுரிமை. வெளிவட்டத்தில் செல்பவர் வழிவிட வேண்டும்.

ரெய்க்யவிக்கைத் தாண்டி, தீவைச் சுற்றும் சுமார் 1,300 கி.மீ. நீள வளையச் சாலையில் கிழக்கே போகப் போக ஒற்றை வழிப் பாலங்கள் எதிர்ப்படும். முதலில் நெருங்கிய வண்டி முதலில் போகும். மற்றவர் முன்கூட்டியே வேகம் குறைத்து ஓரம் ஒதுங்கி நிற்பார். சந்தேகமிருந்தால் நிற்பவரே அறிவாளி. எதிர் வண்டி தெரியாத மேடுகளுக்கும், தார் முடிந்து சரளை தொடங்கும் இடங்களுக்கும் எச்சரிக்கைப் பலகை உண்டு. சரளையில் 90 வேகத்தோடு இறங்கி பிரேக்கை அழுத்தினால் வண்டி வழுக்கும். கோடையில் ஆடு சாலையின் ஒரு புறமும் குட்டி மறு புறமும் நின்றால், குட்டி குறுக்கே ஓடித் தாயிடம் சேரும் என்றே எண்ணி மெதுவாகச் செல்ல வேண்டும். அருவியைப் படமெடுக்கச் சாலையிலேயே நிறுத்துவது சட்டவிரோதம், பின்னால் வருபவர் உயிருக்கும் ஆபத்து.

விக் ஊருக்குக் கிழக்கே கரு மணல்வெளிகள். அவற்றில் ஸ்கெய்தரார்சாந்துர் பகுதியில் 1974இல் பாலம் கட்டிய பிறகுதான் வளையமே முழுமையானது. 1996 நவம்பரில் பனியாற்றுக்கு அடியிலிருந்து பீறிட்ட வெள்ளம் அங்கே பாலங்களை உடைத்தது. முறுக்கிய இரும்பு உத்திரங்கள் இன்றும் சாலையோரம் கிடக்கின்றன. இந்தத் திறந்த வெளியில் காற்று மணலை வாரி அடிக்கும். நிறுத்தும்போது வண்டியின் முகம் காற்றை நோக்கி இருக்கட்டும். கதவைத் திறக்கையில் ஒரு கை கைப்பிடியிலும் மறு கை கதவு விளிம்பிலும் இருக்க வேண்டும். கிளம்புமுன் சாலைத் துறையின் நிலவரத்தை 1777 எண்ணில் கேட்கலாம். வானிலைத் துறை எச்சரித்திருந்தால் அன்றைய பயணத்தை ஒத்திவைப்பதே சரி.

உள்நாட்டு மேட்டுநிலத்தில் ‘எஃப்’ என்று எண்ணிட்ட மலைச் சாலைகள் கோடையில் மட்டுமே திறக்கும். நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் அங்கே போகக் கூடாது. பல இடங்களில் பாலமே கிடையாது, ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பனியாற்றுத் தண்ணீர் வெயில் ஏற ஏறப் பெருகுவதால் காலையில் தாண்டிய ஆறு மாலையில் விடாது. கலங்கிய நீரில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அனுபவமில்லாதவர் கடக்காமல் திரும்புவதே மேல். சாலையை விட்டு வெறும் நிலத்தில் ஓட்டுவது எங்கும் குற்றம்; அபராதம் கடுமை. அந்தப் பாசிப் படுகையில் ஒருமுறை பதிந்த டயர்த் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும். இந்தச் சட்டம் அத்தனை கடுமையாக இருப்பது முற்றிலும் நியாயம்.

டிசம்பரில் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சம் நான்கு, ஐந்து மணி நேரம்தான். தார் மீது கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படரும். குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர் உள்ள வண்டியையே கேட்டு வாங்க வேண்டும். விபத்து, சிக்கல் எதுவானாலும் 112.

ஆளில்லாப் பங்குகளில் பின் எண்ணுள்ள அட்டை இல்லாமல் எரிபொருள் கிடைக்காது. அக்குரேரி அருகிலுள்ள வத்லாஹெய்தி சுரங்கப்பாதையில் சுங்கச் சாவடி இல்லை. கேமரா எண்ணைப் பதிவு செய்யும், கட்டணத்தை இணையத்தில் கட்ட வேண்டும். தவறினால் அதுவும், வேகக் கேமராவில் சிக்கிய அபராதமும், வாடகை நிறுவனத்தின் கையாளும் கட்டணத்தோடு சேர்ந்து ஊர் திரும்பிய பிறகு அட்டையில் கழிக்கப்படும்.