சங்கிலியால் ஓடிய கார்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பொள்ளாச்சிக்கும் நம் மாவட்டப் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு 1920இல் பேருந்து ஓட்டத் தொடங்கினார். மோட்டார் வண்டியே விந்தையாக இருந்த அந்தப் பத்தாண்டில், இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்ட் பிரேசர் நாஷ் என்னும் பொறியாளர் தம் பெயரிலேயே ஒரு விரைவுக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது சைக்கிளைப் போலச் சங்கிலியால் ஓடியது!

பிற கார்களில் கியரின் பற்சக்கரங்கள் ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். இதிலோ ஒவ்வொரு கியருக்கும் தனித்தனிச் சங்கிலி. வண்டி ஓடும்போது எல்லாச் சங்கிலிகளும் சுற்றும். ஓட்டுநர் கோத்துவிட்டது மட்டுமே இழுக்கும். இரு பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை விகிதமே வேகத்தையும் இழுவிசையையும் முடிவு செய்யும். அமைப்பு எளிது, கியர் மாற்றுவதும் விரைவு.

என் தந்தையார் வேடசந்தூர்ச் சாலையோரம் சைக்கிள் பழுது பார்ப்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பாடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கென்னம்மா தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்வார். இந்தக் காரின் பின் அச்சு வரைபடத்தை ஒருநாள் அவரிடம் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இறுகியிருக்கே, வளைவுல எப்படித் திரும்பும்? சரக்கு ட்ரைசைக்கிள்ல ஒரு சக்கரத்தைத்தான் அச்சோட சேர்ப்போம்" என்றார்.

நான் வியந்து போனேன். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். அதற்காகவே மற்ற கார்களில் டிஃபரன்ஷியல் என்னும் அமைப்பு உண்டு. பிரேசர் நாஷில் அது கிடையாது. பின்சக்கரங்களை நெருக்கமாக வைத்தார்கள். அப்படியும் வளைவில் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். தேர்ந்த ஓட்டுநர்கள் அந்த வழுக்கலையே துணையாகக் கொண்டு, வண்டியின் பின்பக்கத்தை வீசித் திருப்பினார்கள்! வகுப்பில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை, அவர் தம் கைத்தொழிலால் அறிந்திருந்தார்.

1939இல் உலகப் போர் மூளும்வரை சுமார் 350 சங்கிலிக் கார்களே உருவாயின. அவற்றுள் பலவற்றை ஆர்வலர்கள் இன்றும் பேணி ஓட்டி வருகிறார்கள்.

தோழியரே! "எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கும் அறிவாளிகள் நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கிறார்கள். நாம் கற்றதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்வோம். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தேடுவோம். அதுவும் படிப்பே அன்றோ!