கை அறியும் எடை

எங்கள் சமவெளியில் எடைபோடப்படாத பொருளைக் காண்பது அரிது. நாமக்கல் முட்டையை எண்ணி விற்றாலும் கிராம் கணக்கும் பார்க்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கு எடைமேடை ஏறியே சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குள் நுழைகிறது. எண் ஒன்றைக் கேட்டால்தான் நமக்கு மனம் அடங்குகிறது. நாயின் உடல்நிலையைப் பொறுத்தவரை அந்த எண் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. இருபத்தைந்து கிலோ என்பது ஒரு சிப்பிப்பாறைக்குச் சுமையாகலாம். ஆண் லாப்ரடார் ஒன்றுக்கு மெலிவாகலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை. தென்மாவட்டக் கரிசல் நிலத்தில் முயல் விரட்டுவதற்கென்று தலைமுறைகளாகப் பேணப்பட்ட இனம். ஆழ்ந்த மார்பு, உள்ளேறிய வயிறு, நீண்ட கால்கள். நின்றால் பின்பக்கத்து விலா எலும்புகள் இரண்டு மூன்று மெல்லிய கோடுகளாகத் தெரியும். அதனால் எங்கள்மீது ஒரு பழி நிலைத்துவிட்டது. "ஏனுங் சார், வாயில்லா சீவனுக்குச் சோறே போடறதில்லீங்களா?" என்று பால் ஊற்றுபவர் கேட்டார். தெருக்கோடி அம்மா ஒருவர் கேட்கவேயில்லை. நேராகத் தயிர்சோற்றோடு வந்து வாசலில் நின்றார்.

அந்தக் கேள்வியை நாங்கள் அறியாமை என்று தள்ளவில்லை. நம் இலக்கியம் நுசுப்பென்றும் மருங்குலென்றும் பெயரிட்டு, இருக்கிறதா இல்லையா என ஐயுறும் அளவுக்கு மெல்லிடையைப் புகழ்ந்தது. ஆனால் அதை வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பும் நாமே, குழந்தையின் கன்னம் ஒட்டியிருந்தால் பதறிப்போகிறோம். இது முரண் அன்று, நினைவு என்றே தோன்றுகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கிய பகுதிகளில் அன்றைய சேலம் மாவட்டமும் ஒன்று. 1871-இல் எடுத்த கணக்கைவிட 1881-இன் கணக்கில் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. விலா எலும்பு தெரியும் உடலை அழகென்று பார்க்க இந்த மண்ணுக்கு எளிதில் கண் வராது. கொழுத்திருப்பது பிழைத்திருப்பதன் அடையாளமாக இருந்த காலம் அது.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்ணில் இல்லை, கையில் இருக்கிறது. ஆட்டுச்சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். மேச்சேரி ஆட்டை வாங்க வருபவர் முதலில் அதன் இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின்மேல் விரல்களை அழுத்திப் பார்ப்பார். எலும்பு முனை குத்துகிறதா, சதை மூடியிருக்கிறதா என்பதே அவர் கணக்கு. உடல்நிலைக்குப் புள்ளியிடும் முறையை 1961-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் எழுதிவைத்ததும் செம்மறி ஆட்டுக்காகத்தான். நாய்களுக்கான ஒன்பது புள்ளி அளவை 1997-இல் வெளிவந்தது. ஒன்று என்றால் எலும்புக்கூடு. ஒன்பது என்றால் மிகுபருமன். நான்கும் ஐந்தும் நலம். ஐந்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீத மிகை எடையைக் குறிக்கும்.

நாமக்கல்லில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து எங்கள் பக்கம் தொழில் செய்யும் மருத்துவர் ஒருவர் இதற்கோர் எளிய வழி காட்டினார். உங்கள் கையை நீட்டி, மறுகை விரல்களால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போது அவ்வாறு இருந்தால் நலம். கையை மடக்கி முட்டிகளைத் தடவினால் வருவதுபோல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் தடித்த பகுதியைப்போல் அமுங்கி, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் மிகை. பிறகு மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடை ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேலேற வேண்டும்.

இனத்துக்கு இனம் இதைச் சற்றுத் திருத்திப் படிக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் போன்ற வேட்டை இனங்களில் சில விலாக்கள் தெரிவது இயல்பு. தொடையிலும் முதுகிலும் தசை கரைந்து குழிந்தால்தான் அஞ்ச வேண்டும். பக் நாயின் உடல் பிறப்பிலேயே பீப்பாய் வடிவம். அதனிடம் கொடியிடையை எதிர்பார்க்க இயலாது, விலாவைத்தான் நம்ப வேண்டும். பொமரேனியனின் அடர்மயிர் மெலிவையும் மறைக்கும், பருமனையும் மறைக்கும். அங்கே கண் முற்றிலும் தோற்கும். தெருநாய்க்கு இன அளவே கிடையாது. கை ஒன்றே சான்று.

லாப்ரடாரின் கதை வேறு. அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தனர். கெஞ்சும் அந்தக் கண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் உடலின் தேவையையும் சொல்வதில்லை. 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான உணவை வாழ்நாள் முழுதும் தந்தார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

இந்த எண்களை நாங்கள் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டி வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மனைவி காலமான பிறகு அவருக்கு எஞ்சிய துணை ஒரு லாப்ரடார். காலையில் இட்லி, பதினொரு மணிக்குப் பால் ரொட்டி, இரவில் நெய் விட்ட சோறு. ஏழு வயதிலேயே அதனால் திண்ணைப் படி ஏற முடியவில்லை. "அது சாப்பிடுற நேரத்துலதாங்க இந்த வீட்ல சத்தம் கேக்குது" என்றார். அந்த வாக்கியத்துக்கு எதிரே சதவீதம் பேசுவது எளிதன்று. ஆயினும் பேசாமலிருப்பது மரியாதையாகலாம், நட்பாகாது. அவர் கையைப் பிடித்து முதலில் எங்கள் நாயின் விலாமேல் வைத்தோம், பிறகு அவருடையதன்மேல். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் எட்டு என்று எழுதினார். சோறு அளவுக்கு வந்தது, நெய் நின்றது. பால் ரொட்டிக்குப் பதில் அந்தப் பதினொரு மணிக்கு வேப்பமர நிழல் வரை இருவரும் நடக்கிறார்கள். எட்டு மாதத்தில் எட்டு ஆறாகியிருக்கிறது. படி இன்னும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. பாதியில் நின்று ஏறுகிறது. தெருவில் இப்போது அவரிடமும் கேட்கிறார்களாம், நாய்க்குச் சோறு போடுவதில்லையா என்று.