ஜிந்துப்பிட்டி மேட்டில் ஒரு மாலைப்பொழுது

கொழும்பு மாநகரிலே தமிழ் மக்கள் மிகுந்து வாழும் பகுதிகள் எவை என்று கேட்டால், தெற்கே வெள்ளவத்தை என்றும் வடக்கே கொட்டாஞ்சேனை என்றும் எவரும் சொல்லிவிடுவர். வெள்ளவத்தையிலே கடற்காற்று உண்டு. வானளாவிய மாடி வீடுகளும் உண்டு. ஆனால் பழைமையின் மணத்தை நுகர விரும்புவோர் வடக்கேதான் செல்லல் வேண்டும். காலி வீதியிலே பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, நகைக் கடைகள் வரிசையாக ஒளிவீசும் செட்டியார் தெருவினூடே நடந்து, அங்குள்ள கதிரேசன் கோயில்களை வணங்கிக்கொண்டு சற்று அப்பாற் சென்றால், நிலம் மெல்ல மேடேறத் தொடங்குகிறது. அந்த மேட்டுப் பகுதியிலே அமைந்ததுதான் ஜிந்துப்பிட்டி.

இப்பெயர் எப்படி வந்தது? போர்த்துக்கேயர் காலத்திலே புனித தோமையாருக்கு இங்கு ஓர் ஆலயம் இருந்தது என்றும், ‘சான் தோமே பிட்டி’ என்பதே நாளடைவில் ஜிந்துப்பிட்டி எனத் திரிந்தது என்றும் கூறுவர். அதே தோமையாரின் பெயரால், ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1815ஆம் ஆண்டிலே தமிழ்க் கிறித்தவர்களுக்காக எழுந்த தேவாலயம் இன்றும் இங்கே நிற்கிறது. சைவர்களுக்கோ சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். அதற்கு அண்மையிலே, 1902ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற விவேகானந்த சபையின் பெயரை நினைவூட்டி நிற்கும் விவேகானந்த மேடு. இன்னும் சற்று நடந்தால், பொன்னம்பல முதலியார் தொடக்கி வைத்து, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில். கடலோரமாகக் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம். இத்தனையும் கால் மணி நேர நடைக்குள் அடங்கிவிடும்.

இப்பகுதிக்கு மக்கள் எதற்காக வருகிறார்கள் என்பதைக் காண வேண்டுமாயின், செவ்வாய்க்கிழமை மாலையிலே வந்து பார்க்க வேண்டும். அன்று அந்தோனியார் திருத்தலத்திலே சைவரும் பௌத்தரும் கிறித்தவரும் மெழுகுதிரி ஏந்தி ஒரே வரிசையில் நிற்பர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அங்கே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். ஆயினும் சில வாரங்களிலேயே திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. வரிசையும் மீண்டும் தொடர்ந்தது. அந்த வரிசையிலே நிற்போரைக் கூர்ந்து நோக்கினால், இருவர் இருவராக வந்திருப்போர் பலரைக் காணலாம். ஒருவர் நோயாளி, மற்றவர் அவர் கையைப் பிடித்திருப்பவர். நோயாளியின் முகத்திலே களைப்பு இருக்கும். கையைப் பிடித்திருப்பவர் முகத்திலோ, “இது இன்ன நோய் என்று யாரேனும் சொல்லமாட்டார்களா?” என்ற கேள்வி இருக்கும். நானும் பல செவ்வாய்க்கிழமைகள் அந்தக் கேள்வியோடு அங்கு நின்றவன்.

என் மனைவி பிறந்து வளர்ந்தது ஜிந்துப்பிட்டியிலே. மணமான பின்னர் நாங்கள் வெள்ளவத்தையிற் குடியிருந்தோம். அவள் தாயாரைக் காண்பதற்காகக் கிழமைக்கு ஒரு தடவையேனும் வடக்கே வருவது வழக்கம். சிறு வயது முதல் ஓடி விளையாடிய மேட்டிலே அவள் ஒருநாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். “கொஞ்சம் நிப்பமா?” என்றாள். சற்று நின்றதும் களைப்பு நீங்கிற்று, மீண்டும் நடந்தாள். அதனை நான் பெரிதாக எண்ணவில்லை. சில மாதங்களில், பொழுது சாயும் வேளையிலே அவளுடைய இடது கண்ணிமை தாழத் தொடங்கிற்று. விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொன்னாள். இரவு உணவின்போது நாலு கவளம் மென்றதும் தாடை சோர்ந்துவிடும். ஆனால் நன்றாக உறங்கி எழுந்தால், காலையிலே பழைய பெண்ணாகவே இருப்பாள்.

இங்கேதான் துன்பம் தொடங்கிற்று. வைத்தியரைக் காணச் செல்வது காலையிலே அல்லவா? காலையில் அவளிடம் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஒருவர் இரத்தம் குறைவு என்றார். மற்றொருவர் மனக்கவலை என்றார். உறவினர்களோ கண்ணூறு என்றனர், நூல் கட்டினர். அடுப்படி வேலைக்குக் கள்ளம் என்று காதுபடப் பேசினாரும் உளர்.

அவர்களை நான் குறை கூறப் போவதில்லை. ஏனெனில் ஓர் இரவு, சோற்றுத் தட்டின் முன்னே அவள் கையைத் தாடைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தபோது, “எல்லாம் உமது மனத்திலேதான் இருக்கிறது, சற்றுத் திடமாக இரும்” என்று நானே சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பின்னர் பல நாட்கள் தன் உடம்பைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லாமலே இருந்தாள். நோயைவிடக் கொடியது அந்த மௌனம் என்பதை நான் உணர்வதற்குச் சில காலம் சென்றது.

அப்படி இருந்த நாட்களிலே ஒரு மாலை, அவளை அவள் தாயார் வீட்டில் விட்டுவிட்டு, துறைமுகம் தெரியும் இடம் வரை தனியே நடந்து சென்றேன். கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எங்கோ படித்திருந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘நெவாசா’ என்னும் கப்பல் இந்தக் கொழும்புத் துறையைத் தொட்டுக்கொண்டுதான் மேற்கே சென்றது. அதிலே இருந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். இளம் மனைவி சானகி ஊரிலே தங்கிவிட்டாள்.

இங்கிலாந்திலே மூன்றாண்டு கழிந்ததும், 1917இல் இராமானுசன் நோயுற்றார். வயிற்றுப் புண் என்றனர், காசநோய் என்றனர், ஈரலிலே புற்று இருக்கலாமோ என்றும் ஐயுற்றனர். ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினர். உலகின் சிறந்த வைத்தியர்கள் இருந்த நாட்டிலே அந்நோய்க்கு உறுதியான பெயர் கிடைக்கவில்லை. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டிலே தமது முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இடைப்பட்ட ஓராண்டிலே அவருக்குத் துணை நின்றவள் சானகி. நேரந் தவறாமல் சோறும் எலுமிச்சஞ் சாறும் மோரும் கொடுத்தாள். வலி கண்டபோது காலிலும் மார்பிலும் வெந்நீர் ஒற்றடம் இட்டாள். அந்த வெந்நீர் வைத்த பாத்திரங்களை முதுமையிலும் அவர் காத்து வைத்திருந்தார். அத்தகைய படுக்கையில் இருந்துகொண்டே 1920 சனவரியிலே இராமானுசன் தமது புதிய கண்டுபிடிப்பு ஒன்றைப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதி அனுப்பினார் என்றால், அந்தப் பணிவிடையின் அருமையை என்னென்பது!

சானகி அம்மையார் 1994ஆம் ஆண்டு ஏப்ரலிலே காலமானார். அதே ஆண்டில் யங் என்பார், பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, இராமானுசனுக்கு வந்தது பெரும்பாலும் காசநோய் அன்று, வயிற்றுக்கடுப்புக் கிருமியால் ஈரலிலே உண்டாகும் நோயாகவே இருத்தல் வேண்டும் என்று எழுதினார். 1906ஆம் ஆண்டிலேயே இராமானுசன் வயிற்றுக்கடுப்பால் வருந்திக் கும்பகோணம் திரும்பியவர் என்பது அவருடைய முடிவுக்கு ஆதாரங்களுள் ஒன்று. இதை நினைத்தபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. அந்தப் பழைய வரலாற்றைக் கண்ணாற் கண்டவர்கள் கும்பகோணத்திலே இருந்தார்கள். வைத்தியர்களோ இங்கிலாந்திலே இருந்தார்கள். படுக்கையருகே இருந்து சொல்வதற்கு வீட்டார் ஒருவரும் இல்லை. ஆனால் என் மனைவியின் அருகிலே நான் இருக்கிறேனே! அவளுடைய மாலைப்பொழுதுகளைக் கண்ட ஒரே சாட்சி நான். சாட்சி சொல்ல வேண்டியவன், நீதிபதியைப் போலத் தீர்ப்புச் சொல்லிவிட்டேனே என்று வெட்கினேன்.

திரும்பும் வழியிலே ஒரு கடையில் பயிற்சிக் கொப்பி ஒன்று வாங்கினேன். வீட்டுக்குச் சென்று, “நான் அன்று சொன்னது பிழை. இனி உமக்கு என்ன நேர்ந்தாலும் எனக்குச் சொல்லும், நான் எழுதி வைக்கிறேன்” என்றேன். அவள் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, “கண் இப்பவும் இரண்டாத்தான் தெரியுது” என்றாள். அதுவே அந்தக் கொப்பியின் முதல் வரி.

ஆறு கிழமைகள் எழுதினேன். காலை எட்டு மணி: ஒன்றுமில்லை. மாலை ஆறரை: இடது இமை பாதி மூடிற்று. மேடு ஏறும்போது இரண்டு இடங்களில் நின்றாள். ஐந்து நிமிடம் இருந்ததும் தெளிந்தாள். பேசப் பேசக் குரல் மூக்கால் வருகிறது. இத்துடன் மாலையிலே கைப்பேசியால் எடுத்த படங்களையும் சேர்த்துக்கொண்டு, நரம்பியல் வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். அவர் கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகப் படித்தார். என் மனைவியை மேலே பார்த்தபடி இருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இமை தாழ்ந்தது. துணியிலே சுற்றிய பனிக்கட்டியை மூடிய கண்ணின்மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். இமை உயர்ந்தது! “இது மனத்தின் நோய் அல்ல, அம்மா” என்றார். அவள் அழுதுவிட்டாள்.

அந்நோய்க்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். நரம்பானது தசைக்கு இடும் கட்டளையை அசெற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் எடுத்துச் செல்கிறது. அதனைத் தசையிலே ஏற்றுக்கொள்ளும் வாயில்களை, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே தவறாகத் தாக்கி அடைத்துவிடுகின்றன. ஆகவே தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்வு மிகும். ஓய்வினால் வலிமை மீளும். நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையும் அறுபதைக் கடந்த ஆண்களையும் இது மிகுதியாகப் பற்றும். 1672ஆம் ஆண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். எனினும் பயனுள்ள மருந்தைக் கண்டவர் 1934இல் இலண்டன் கிரினிச் வைத்தியசாலையிலே பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண்மணியே. இன்று என் மனைவி உட்கொள்ளும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் துன்பம் ஒழிந்துவிட்டது என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. இது நெடுங்காலம் உடன் வரும் நோய். நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியிலே கட்டி உண்டா என்று பார்க்க வேண்டியிருந்தது. சிலவகை மருந்துகள் இந்நோயை மிகுவிக்கும். ஆதலால் வேறு எந்த வைத்தியரிடம் சென்றாலும் நோயின் பெயரை முதலிலேயே சொல்லல் வேண்டும். மூச்சு விடுவதோ விழுங்குவதோ கடினமானால், ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இவையெல்லாம் கொப்பியின் முன்பக்கத்திலே எழுதப்பட்டுள்ளன. மருந்தின் வலிமை நிற்கும் நேரத்திலே எங்கள் வீட்டில் இராச் சாப்பாடு. காய்கறி நறுக்குவதும் துணி பிழிவதும் என் வேலைகளாயின. அவற்றை உதவி என்று நான் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை.

பெயர் தெரியாத நோயோடு வாழ்வோர் வீட்டுக்கு வீடு உளர். அவர்களுக்குத் துணையாக இருப்போர்க்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. மருந்து கொடுப்பது வைத்தியர் கடமை. நம்புவது நம் கடமை. நோயின் பெயர் தெரிவதற்கு ஆண்டுகள் ஆகலாம். நம்புவதற்கு அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. நான் காத்திருந்தேன், அதனாலேயே சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமையும் ஜிந்துப்பிட்டிக்குச் சென்றிருந்தோம். அந்தி மயங்கும் நேரம். சிவசுப்பிரமணியர் கோயிலிலே மணி ஒலித்தது. தெருவோரத்திலே பூக்காரி மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டு இருந்தாள். மேட்டின் பாதியிலே என் மனைவி நின்றாள். நானும் நின்றேன். “மணி போயிடும், பூசை முடிஞ்சிடும், நீங்க முன்னால போங்க” என்றாள். “பூசை நாளைக்கும் உண்டு, நீர் ஆறுதலாக வாரும்” என்றேன். பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி முடிப்பதற்குள் அவளுடைய களைப்பு நீங்கிவிட்டது. இருவருமாக மேட்டின் மறுபாதியை ஏறினோம்.